ஹோம் தியேட்டர் புரொஜக்டரை மாற்றும் முன்: நெல்லைப் பக்கத்து வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

புரொஜக்டர் வாங்கி நாலைந்து வருடம் ஆனதும் படம் மங்கத் தொடங்கும். சரியாக அந்த நேரத்தில்தான் கடையிலும் யூடியூபிலும் 4கே (நுணுக்கம் கூடிய படம்), லேசர் (லேம்ப்புக்குப் பதில் லேசர் வெளிச்சம்), எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடைவெளி கூடிய படம்) என்று புதிய பெயர்கள் கண்ணில் படும். இரண்டும் சேர்ந்து மாற்றிவிடலாம் என்று மனதைத் தள்ளும். ஆனால் மங்கலுக்குக் காரணம் புரொஜக்டர்தானா என்று பார்க்காமல் பணத்தைப் போட்டால், புதியதிலும் அதே குறை வந்து நிற்கும். நம் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் முதல் குற்றவாளி தூசி, அடுத்தது தேய்ந்த லேம்ப், அதற்கடுத்தது அறையின் வெள்ளைச் சுவர். இந்த மூன்றையும் கழித்துவிட்டுத்தான் புரொஜக்டரைக் குறை சொல்ல முடியும். அதனால் செலவில்லாத சோதனையிலிருந்து செலவுள்ள சோதனை நோக்கிப் போவோம். வரிசையை மாற்றாதீர்கள்.

படி 1: தூசியை எடுத்துவிட்டுப் பாருங்கள்

ஆனியிலிருந்து ஆவணி வரை மேற்கே கணவாய் வழியாக வீசும் காற்று வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் பக்கமெல்லாம் மண்ணை அள்ளிக்கொண்டு வரும். ஜன்னலைச் சாத்தினாலும் வென்டிலேட்டர் வழியாக நுழைந்து, மேலே தொங்கும் புரொஜக்டரின் ஃபில்டரில் படியும். ஃபில்டர் அடைத்தால் காற்றோட்டம் குறையும், உள்ளே சூடு ஏறும், ஃபேன் இரைச்சல் கூடும். சில மாடல்கள் தாமாகவே லேம்ப்பின் பவரைக் குறைத்துக்கொள்ளும், சில அணைந்தே போகும். எல்சிடி வகையில் (திரவப் படிகத் தகடுகள் வழியாக வெளிச்சத்தை அனுப்பிப் படம் காட்டும் வகை) இந்தச் சூடு வருடக்கணக்கில் நீடித்தால் உள்ளே இருக்கும் போலரைசர் ஃபிலிம் (வெளிச்சத்தை வடிகட்டும் படலம்) கருகும். அதற்குப் பிறகு சுத்தம் செய்து பயனில்லை.

புரொஜக்டரை அணைத்து, ஃபேன் தானாக நிற்கும்வரை காத்திருந்து, பிளக்கைப் பிடுங்கி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். ஃபில்டரைக் கழற்றி வெளியே கொண்டுபோய் மென்மையான பிரஷ்ஷாலோ வேக்குவம் கிளீனரைக் குறைந்த வேகத்தில் வைத்தோ தூசியை எடுங்கள். கழுவலாம் என்று கையேட்டில் எழுதியிருந்தால் மட்டும் கழுவுங்கள். கிழிந்திருந்தால் புதிது போடுங்கள். வழக்கமாக 100 முதல் 200 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை என்பது கணக்கு. காற்றடிக் காலத்தில் மாதம் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

லென்ஸை முதலில் ரப்பர் புளோயரால் ஊதி மணலை அகற்றிவிட்டு, லென்ஸ் திரவத்தைத் துணியில் நனைத்து நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். நேராக லென்ஸ் மேல் தெளிக்கக் கூடாது. பஞ்சர் கடை கம்ப்ரஸரைப் பிடித்து உள்ளே காற்றடிப்பதை யாரும் செய்யாதீர்கள். அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்திருக்கும். அதோடு, வெளியே ஓரமாக இருந்த தூசியைப் படத்தை உருவாக்கும் தகடான பேனல் மேலேயே கொண்டுபோய் ஒட்டவைத்துவிடும்.

சீலிங்கில் தொங்கும் புரொஜக்டரின் வெதுவெதுப்புக்குப் பல்லியும் எறும்பும் தேடி வரும். காற்றுத் துளைகளில் கொசுவலை கட்டினால் பல்லி நிற்கும், ஆனால் காற்றும் நின்றுவிடும். அதற்குப் பதிலாக, அறையை உபயோகிக்காத நாட்களில் புரொஜக்டர் முழுக்க ஆறிய பிறகு ஒரு துணி உறையைப் போட்டு வையுங்கள். புரொஜக்டரை ஆன் செய்வதற்கு முன் உறையை மறக்காமல் கழற்றும்படி ரிமோட் இருக்கும் இடத்தில் ஒரு சீட்டு ஒட்டுங்கள்.

சுத்தம் முடிந்ததும் முழுக் கறுப்புப் படம் ஒன்றைத் திரையில் போட்டுப் பாருங்கள். பச்சையாகவோ ஊதாவாகவோ நீலமாகவோ மங்கலான வட்டம் தெரிந்தால் ஃபோக்கஸைத் திருப்புங்கள். வட்டம் கூர்மையாக மாறினால் அது பேனலுக்குப் பக்கத்தில் அமர்ந்த தூசி. சர்வீஸில் எடுக்கலாம். ஃபோக்கஸ் மாற்றினாலும் மாறாத பெரிய மஞ்சள் அல்லது நீலத் திட்டு, நாளாக நாளாகப் பரவுகிறது என்றால் அது போலரைசர் கருகிய அடையாளம். டிஎல்பி வகையில் (நுண்ணிய கண்ணாடிகளால் படம் காட்டும் வகை) வெள்ளைப் புள்ளிகள் நட்சத்திரம் போல் ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போனால் உள்ளே இருக்கும் கண்ணாடிச் சில்லு போய்க்கொண்டிருக்கிறது. கடைசி இரண்டும் பெரிய செலவு. பழுதுக்கான விலை, இதே தரத்துப் புதிய புரொஜக்டரின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் பழுது பார்க்க வேண்டாம் என்பது எங்கள் கணிப்பு. அப்படிப்பட்டவர்கள் நேராக படி 5-க்குப் போகலாம்.

படி 2: வெளிச்சத்தை அளந்து பாருங்கள்

மங்கலாக இருக்கிறதா இல்லையா என்பதைக் கண் சரியாகச் சொல்லாது. வெளிச்சம் மெதுவாகக் குறைந்தால் கண் அதற்குப் பழகிக்கொள்ளும். ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தை அளக்கும் சாதாரண டிஜிட்டல் லக்ஸ் மீட்டர் ஒன்று வாங்குங்கள். புதிய லேம்ப் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமேயில்லை. செல்போன் ஆப்பும் லக்ஸ் காட்டும். ஆனால் போனுக்குப் போன் வேறுபடும், நேற்றைக்கும் இன்றைக்கும் ஒப்பிட மட்டுமே அது உதவும்.

இரவில், எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, புரொஜக்டரை சினிமா மோடில் வைத்து 20 நிமிடம் ஓடவிடுங்கள். பென் டிரைவில் ஒரு முழு வெள்ளைப் படத்தைப் போட்டுக் காட்டுங்கள். மீட்டரின் சென்சார் புரொஜக்டரைப் பார்த்தபடி திரையோடு ஒட்டிப் பிடித்து, மேலே மூன்று, நடுவில் மூன்று, கீழே மூன்று என ஒன்பது இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். உங்கள் நிழல் மீட்டர் மேல் விழக் கூடாது.

சாதாரண மேட் வெள்ளைத் திரைக்கு, அதாவது வெளிச்சத்தைக் கூட்டாமல் குறைக்காமல் திருப்பித் தரும் கெயின் 1.0 திரைக்குக் கணக்கு இது. டிஜிட்டல் தியேட்டர்களுக்கான அளவுகோல் 48 நிட்ஸ் (திரையிலிருந்து கண்ணுக்கு வரும் வெளிச்சத்தின் அளவு). லக்ஸில் சொன்னால் சுமார் 150. வீட்டில் 170 வந்தால் தாராளம். 130-க்குக் கீழே போனால் படம் உயிரில்லாமல் தெரியும். எச்டிஆர் படங்களுக்கு 300-க்கு மேல் இருந்தால்தான் அதன் பலன் கொஞ்சமாவது தெரியும்.

லக்ஸைத் திரையின் பரப்பால் பெருக்கினால் லூமன், அதாவது புரொஜக்டர் தரும் மொத்த வெளிச்சம், கிடைக்கும். 16:9 அளவில் 100 இஞ்ச் திரையின் பரப்பு 2.76 சதுர மீட்டர், 120 இஞ்ச் திரைக்கு 3.97. உதாரணமாக 120 இஞ்ச் திரையில் 95 லக்ஸ் வந்தால் புரொஜக்டர் இப்போது தருவது சுமார் 377 லூமன்தான். அட்டையில் 2,000, 3,000 என்று எழுதியிருக்குமே என்று கேட்கலாம். அது பச்சை கலந்த டைனமிக் மோடில், லேம்ப் புதிதாக இருந்தபோது அளந்தது. நிறம் சரியாக இருக்கும் மோடில் அதில் பாதியிலிருந்து முக்கால் பங்குதான் வரும்.

அந்த 377 லூமனை அப்படியே 100 இஞ்ச்சுக்குச் சுருக்கினால் 137 லக்ஸ் ஆகிவிடும். ஒரு பைசா செலவில்லை. ஜூம் உள்ள லென்ஸ் என்றால் இன்னொன்றும் செய்யலாம்: புரொஜக்டரைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து ஜூமை முழுக்க விரித்து வையுங்கள். தூரத்தில் வைத்து ஜூமைச் சுருக்கும்போது லென்ஸ் வெளிச்சத்தைத் தின்னும். 2 மடங்கு ஜூம் உள்ள லென்ஸ்களில் இந்த இழப்பு மூன்றில் ஒரு பங்கைத் தொடும்.

அடுத்தது லேம்ப். மெனுவில் லேம்ப் மணி நேரம் இருக்கும். கம்பெனி சொல்லும் ஆயுள், வெளிச்சம் பாதியாகக் குறையும்வரை உள்ள காலம். அதிலும் முதல் சில நூறு மணி நேரத்திலேயே ஒரு பெரிய பங்கு இறங்கிவிடும், பிறகு மெதுவாக இறங்கும். ஆயுளில் முக்கால் பங்கு ஓடியிருந்து, அளவு 130-க்குக் கீழே இருந்தால், லேம்ப் மாற்றுவதே முதல் வேலை. கம்பெனியின் ஒரிஜினல் லேம்ப்பையே வாங்குங்கள். விலை குறைந்த நகலில் குழாய் சரியான இடத்தில் உட்காராது. மூலைகள் இருளும், சில மாதத்தில் மினுக்கும். மாற்றிய பிறகு மணி நேரக் கணக்கை மெனுவில் பூஜ்யமாக்குங்கள், பழைய லேம்ப் இருக்கும்போது ஒருநாளும் அதைச் செய்யாதீர்கள். ஆயுள் தாண்டி ஓடிய லேம்ப் வெடிக்கவும் கூடும். உள்ளே பாதரசம் இருப்பதால், வெடித்தால் ஜன்னலைத் திறந்துவிட்டுக் குழந்தைகளை வெளியே கூட்டிப் போய்விட வேண்டும்.

புது லேம்ப் போட்டும், திரையைச் சுருக்கியும் 130 வரவில்லை என்றால், அது மாற்றுவதற்கான முதல் நியாயமான காரணம்.

படி 3: அறை

எங்களைக் கேட்டால் பணம் போட வேண்டிய முதல் இடம் இதுதான். நம் வீடுகளில் பட்டாசலும் (கூடமும்) மச்சு அறையும் வெள்ளைச் சுவர், வெள்ளை சீலிங், பளபளக்கும் டைல்ஸ் என்றுதான் இருக்கும். திரையில் பகல் காட்சி வந்தவுடன் அந்த வெளிச்சம் சீலிங்கிலும் பக்கச் சுவரிலும் பட்டுத் திரும்பத் திரையிலேயே விழும். படத்திலுள்ள கறுப்பெல்லாம் சாம்பலாகிவிடும். இரண்டு லட்சம் ரூபாய் புரொஜக்டரும் அந்த அறையில் ஐம்பதாயிரம் ரூபாய் புரொஜக்டர் போலத்தான் தெரியும்.

இதைக் கண்ணாலேயே சோதிக்கலாம். முழுக் கறுப்புப் படம் ஒன்றும், கறுப்புக்கு நடுவே பெரிய வெள்ளைக் கட்டம் உள்ள படம் ஒன்றும் தயார் செய்யுங்கள். ஒன்று மாற்றி ஒன்று போட்டு, திரையின் மூலையை மட்டும் பாருங்கள். வெள்ளைக் கட்டம் வரும்போது மூலை தெளிவாக வெளுத்தால் குறை அறையில். முழுக் கறுப்புப் படத்திலேயே மூலை சாம்பலாக இருந்தால் குறை புரொஜக்டரில்.

திரையைச் சுற்றி நாலைந்து அடி தூரத்துக்குப் பக்கச் சுவரையும் சீலிங்கையும் அடர்ந்த நிற மேட் பெயின்ட்டால் அடித்தாலே பெரும்பகுதி சரியாகும். பளபளப்பு உள்ள பெயின்ட் எந்த நிறமானாலும் வேண்டாம். கறுப்புக்கு வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றால் அடர் நீலம், கரும்பச்சை, காப்பிப்பொடி நிறம் எதுவானாலும் போதும். அதுவும் முடியாவிட்டால் பக்கச் சுவரில் திரைச்சீலைக் கம்பி போட்டு, படம் பார்க்கும்போது மட்டும் அடர்ந்த துணியை இழுத்துவிடலாம். தரைக்கு ஒரு ஜமுக்காளம். பத்தமடைப் பாய் விரித்தால்கூட டைல்ஸின் பளபளப்பு அடங்கும். ஜன்னலுக்கு மேலே உள்ள வென்டிலேட்டரை மறந்துவிடுவார்கள். தெருவிளக்கெல்லாம் எல்இடி ஆன பிறகு அந்த வழியாக வரும் வெளிச்சம் அதிகம். கறுப்பு அட்டையை அளவாக வெட்டி அதில் சொருகிவிட்டால் தீர்ந்தது.

இன்னொரு விஷயம்: தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை ஸ்கோப் என்ற அகலமான அளவில் எடுக்கப்படுகின்றன. 120 இஞ்ச் 16:9 திரையில் 2.39:1 படம் ஓடும்போது மேலேயும் கீழேயும் ஏழரை இஞ்ச் பட்டை காலியாக நிற்கும். அது கறுப்பாக இல்லாமல் சாம்பலாக இருப்பதுதான் பலருக்கும் "கான்ட்ராஸ்ட் இல்லை" என்று தோன்றக் காரணம். கறுப்பு வெல்வெட் ஒட்டிய இரண்டு தெர்மாகோல் பலகைகளை அந்தப் பட்டைகள் மேல் மாட்டிப் பாருங்கள். படமே மாறிவிட்டது போல் இருக்கும்.

பகலில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கிரிக்கெட் பார்க்க வேண்டும் என்பதுதான் உங்கள் தேவை என்றால் எந்தப் புரொஜக்டரும் அதற்கு மருந்தாகாது. அந்தப் பணத்தில் 75 இஞ்ச் டிவி வாங்கி வையுங்கள், புரொஜக்டரை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

திரைத்துணியையும் ஒரு பார்வை பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூஞ்சைப் புள்ளி விழுந்திருக்கும், சுருட்டி இழுக்கும் திரைகளில் ஓரம் அலையடித்திருக்கும், பழைய வினைல் மஞ்சளாகியிருக்கும். வெள்ளைத் தாளை ஓரத்தில் பிடித்து வெளிச்சம் போட்டால் மஞ்சள் தெரிந்துவிடும். புதிய திரை, புதிய புரொஜக்டரை விட எப்போதும் மலிவு.

படி 4: வரும் படமும் உட்காரும் தூரமும்

கேபிளில் வரும் சாதா சேனலின் அளவு 720×576. அதை 120 இஞ்ச்சில் விரித்தால் எந்தப் புரொஜக்டராலும் கூர்மை தர முடியாது. நீங்கள் பார்ப்பதில் பாதிக்கு மேல் இதுதான் என்றால் 4கே வாங்கி ஆகப்போவது ஒன்றுமில்லை. ஓடிடி என்றால் உங்கள் சந்தா 4கே தருகிறதா என்று பாருங்கள். நெட்ஃபிளிக்ஸ் 4கே-க்கு 15 எம்பிபிஎஸ் வேகம் வேண்டும் என்கிறது. இரவு ஒன்பது மணிக்கு உங்கள் தெருவில் அந்த வேகம் நிலையாக வருகிறதா என்பதைத்தான் சோதிக்க வேண்டும், காலை ஆறு மணிக்கு அல்ல.

தூரத்துக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. திரையின் மூலைவிட்ட அளவை 1.56-ஆல் பெருக்குங்கள். அந்தத் தூரத்துக்கு அப்பால் உட்கார்ந்தால் சாதாரணப் பார்வை உள்ளவருக்கு 1080பி-யின், அதாவது 1920×1080 அளவுப் படத்தின், புள்ளிகள் பிரிந்து தெரியாது, ஆகவே 4கே-யின் கூடுதல் நுணுக்கமும் தெரியாது. 100 இஞ்ச்சுக்கு இது 13 அடி, 120 இஞ்ச்சுக்கு 15.6 அடி. 12-க்கு 15 அடி அறையில் 120 இஞ்ச் வைத்து 11 அடியில் உட்காருபவருக்கு 4கே பலன் தரும். நீளமான பட்டாசலில் 100 இஞ்ச் திரையைப் பதினாறு அடியில் உட்கார்ந்து பார்ப்பவருக்குச் சோபாவை முன்னால் தள்ளுவதே நல்ல அப்கிரேடு.

படி 5: புதியது எதில் மேலாக இருக்க வேண்டும்

இதுவரை வந்தும் குறை தீரவில்லை என்றால் மாற்றலாம். ஆனால் எதற்காக என்று ஒரே ஒரு வரியில் எழுதி வையுங்கள். "வெளிச்சம்", "கறுப்பு", "கூர்மை", "லேம்ப் தொல்லை" இந்த நான்கில் எது முதல் காரணம் என்று தெரியாமல் கடைக்குப் போனால், கடைக்காரர் சொல்வதுதான் காரணமாகிவிடும்.

வெளிச்சத்துக்காக என்றால், கண்ணுக்கு நன்றாக வித்தியாசம் தெரிய இரண்டு மடங்காவது வேண்டும். 2,000 லூமனிலிருந்து 2,500-க்குப் போவதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கண்டுபிடிக்க முடியும். ஆன்சி அல்லது ஐஎஸ்ஓ (அளக்கும் முறையை வகுக்கும் தர அமைப்புகள்) லூமன் என்று எழுதிய எண்ணை மட்டும் நம்புங்கள். ஆன்லைனில் பத்தாயிரம் ரூபாய்க்குள் விற்கும் சிறிய எல்இடி பெட்டிகளில் 9,000 லூமன், 12,000 லூமன் என்று போட்டிருப்பதற்கு எந்த அளவுகோலும் கிடையாது. உங்கள் பழைய தேய்ந்த லேம்ப் அதைவிட அதிகம் தரும்.

கறுப்புக்காக என்றால் கவனம் தேவை. இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். நடுத்தர விலை 4கே டிஎல்பி மாடல்கள் பலவற்றில் இருப்பது 0.47 இஞ்ச் சில்லு. அதில் 1920×1080 கண்ணாடிகள்தான் உண்டு. அவற்றை நொடிக்குப் பலமுறை நான்கு இடங்களுக்கு நகர்த்தி 4கே படத்தை உருவாக்குகிறது. கூர்மை உண்மையிலேயே நன்றாக இருக்கும். ஆனால் கறுப்பு சுமார்தான். மூன்று எல்சிடி பேனல் உள்ள நல்ல 1080பி எப்சன் த்ரீ-எல்சிடியோ பழைய ஜேவிசியோ வைத்திருந்தவர் இதற்கு மாறினால் நுணுக்கம் கூடும், இருட்டுக் காட்சியின் ஆழம் போய்விடும். கறுப்புதான் காரணம் என்றால் பார்க்க வேண்டியது சோனியின் எஸ்எக்ஸ்ஆர்டி, ஜேவிசியின் டி-ஐஎல்ஏ என்ற பேனல் வகைகள். ஜேவிசி தன் என்இசட்7 மாடலுக்கு 40,000:1 நேட்டிவ் கான்ட்ராஸ்ட் (விளக்கை மங்கவைக்காமல் அளந்த வெள்ளை-கறுப்பு வெளிச்ச விகிதம்) என்று சொல்கிறது. எப்சனின் லேசர் எல்எஸ்12000 இவற்றுக்கு ஒரு படி கீழே, விலையிலும் கீழே. "டைனமிக் கான்ட்ராஸ்ட் 20 லட்சத்துக்கு 1" போன்ற எண்களை ஒதுக்கிவிடுங்கள், லேம்ப்பை மங்கவைத்து அளந்தவை அவை. அறையை இருட்டாக்காமல் இந்த வகையில் பணம் போடுவது வீண் என்பதையும் மறுபடி சொல்லிவிடுகிறோம்.

டிஎல்பி வாங்கும் முன் வீட்டில் எல்லோரையும் கூட்டிப் போய்க் காட்டுங்கள். ஒற்றைச் சில்லு டிஎல்பி நிறங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுவதால், சிலருக்கு வெள்ளை எழுத்தின் ஓரத்தில் வானவில் தெறிப்பது போல் தெரியும், தலைவலியும் வரும். இது ஆளுக்கு ஆள் மாறும்.

லேசர் தேவையா என்பதை மணிக்கணக்கு சொல்லிவிடும். வாரத்துக்கு இரண்டு படம் என்றால் வருடத்துக்கு 300 மணி நேரம்தான். 4,000 மணி நேர லேம்ப் பத்து வருடம் தாண்டும். அவருக்கு 20,000 மணி நேர லேசர் ஆயுளால் லாபமில்லை. தினமும் நான்கு மணி நேரம் ஓடும் வீட்டில் வருடத்துக்கு 1,460 மணி, மூன்று வருடத்துக்குள் ஒரு லேம்ப். அங்கே லேசர் சரி. அடிக்கடி கரண்ட் போகும் ஊர்களில் லேசருக்கு இன்னொரு நன்மை உண்டு. உடனே அணைத்து உடனே போடலாம், லேம்ப் போல ஆறும்வரை காத்திருக்க வேண்டாம்.

எச்டிஆர் பற்றி ஒரு வார்த்தை. அந்தப் படங்கள் 1,000 நிட்ஸுக்கோ 4,000 நிட்ஸுக்கோ தயாராகின்றன. வீட்டுப் புரொஜக்டர் தருவது 50 முதல் 100 நிட்ஸ். அந்த இடைவெளியைச் சுருக்கும் டோன் மேப்பிங் நன்றாக இல்லாத மாடலில் எச்டிஆர் படம் சாதாரணப் படத்தைவிட இருட்டாகத் தெரியும். பெரும்பாலான புரொஜக்டர்கள் டால்பி விஷன் என்ற மேம்பட்ட எச்டிஆர் வகையை ஏற்காது, சாதாரண எச்டிஆர்10 ஆகத்தான் காட்டும். கடையில் பார்க்கும்போது இருட்டுக் காட்சி உள்ள உங்கள் சொந்தப் படத்தைக் கொண்டுபோங்கள். டெமோ படங்கள் எல்லாமே பளிச்சென்றுதான் இருக்கும்.

படி 6: கூடவே வரும் செலவு

புரொஜக்டர் விலையை மட்டும் எழுதினால் கணக்கு தப்பும். நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் 4கே படத்துக்குக் கேபிளில் 18 ஜிபிபிஎஸ் (நொடிக்கு 18 ஜிகாபிட்) வேகம் வேண்டும். சுவருக்குள் போன பழைய எச்டிஎம்ஐ கேபிள் 10 மீட்டருக்கு மேல் இருந்தால் படம் விட்டுவிட்டு வரும், அல்லது வரவே வராது. ஃபைபர் எச்டிஎம்ஐ கேபிள் போட வேண்டியிருக்கும். அதற்குத் திசை உண்டு: ஒரு முனை பிளேயர் பக்கம், மறுமுனை புரொஜக்டர் பக்கம். மாற்றிச் சொருகினால் படம் வராது. முக்கால் இஞ்ச் பைப்பில் அதன் தலை நுழைவதும் சிரமம், புதிதாக வீடு கட்டுபவர்கள் ஒன்றேகால் இஞ்ச் பைப்பாகப் போட்டு இழுகயிறும் விட்டுவையுங்கள். ஏவி ரிசீவர் (ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டி) பழையதானால் எச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்பு முறை அதில் இருக்காது, 4கே படத்தைத் தடுக்கும். முழு ரிசீவரையும் மாற்றாமல், இரண்டு எச்டிஎம்ஐ அவுட் உள்ள பிளேயரால் படத்தைப் புரொஜக்டருக்கும் ஒலியை ரிசீவருக்கும் பிரித்துக் கொடுக்கலாம்.

மாட்டும் இடத்தையும் அளந்துவிடுங்கள். த்ரோ ரேஷியோவை (தூரத்துக்கும் திரை அகலத்துக்கும் உள்ள விகிதம்) திரையின் அகலத்தால் பெருக்கினால் தூரம் கிடைக்கும். 120 இஞ்ச்சின் அகலம் 8.7 அடி, ரேஷியோ 1.35 என்றால் 11.8 அடி. பழைய கொக்கி இருந்த இடத்திலேயே புதியது பொருந்தும் என்று நினைக்காதீர்கள். லென்ஸை நகர்த்திப் படத்தை இடம் மாற்றும் லென்ஸ் ஷிஃப்ட் இல்லாத மாடலில், கீஸ்டோன் என்ற மெனு வசதியால் படத்தை வளைத்துச் சரிசெய்தால் காசு கொடுத்து வாங்கிய புள்ளிகளை நீங்களே வெட்டுகிறீர்கள். சீலிங் ஃபேன் பக்கத்தில் மாட்டினால் படம் அதிரும், இறக்கை வெளிச்சத்தின் குறுக்கே வந்தால் மினுக்கும். ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங்கில் மாட்டாமல் கான்கிரீட்டில் ஆங்கர் போல்ட் அடியுங்கள்.

கரண்ட் விஷயத்தில் பலரும் ஸ்டெபிலைசர் வாங்குகிறார்கள். புரொஜக்டரின் ஸ்டிக்கரில் 100–240 வோல்ட் என்று இருந்தால் வோல்டேஜ் குறைவதால் அதற்கு ஒன்றும் ஆகாது. ஆபத்து மேலே ஏறுவதில்தான் இருக்கிறது. தெருவில் நியூட்ரல் அறுந்தால் 230 வர வேண்டிய இடத்தில் 400 வரை ஏறலாம். டிபி-யில் (வீட்டின் மின் விநியோகப் பெட்டியில்) ஓவர் வோல்டேஜ் கட்-ஆஃப், சர்ஜ் புரொடெக்டர், சரியான எர்த், இந்த மூன்றும் வேண்டும். லேம்ப் வகைக்கு 1,000 விஏ யுபிஎஸ் வையுங்கள், படம் பார்க்க அல்ல, கரண்ட் போனால் முறையாக அணைத்து ஃபேன் ஓடி ஆறுவதற்கு. இன்வெர்ட்டரில் ஓடுவதானால் சைன் வேவ் வகையாக இருக்கட்டும், சுவிட்சை யுபிஎஸ் மோடில் வையுங்கள். சித்திரை, வைகாசியிலும் ஐப்பசியிலும் இடி இடிக்கும்போது பவர் பிளக்கோடு டிஷ் கேபிளையும் கழற்றுங்கள். தட்டட்டியில் (மொட்டை மாடியில்) இருக்கும் டிஷ் வழியாக வரும் மின்னல் அதிர்வு செட்-டாப் பாக்ஸ், எச்டிஎம்ஐ என்று ஏறிப் புரொஜக்டரின் போர்டைச் சுட்டுவிடும்.

சூட்டையும் கணக்கில் எடுங்கள். பல மாடல்களின் உச்ச வரம்பு 35 டிகிரி, சிலவற்றுக்கு 40. கத்திரி வெயிலில் பாளையங்கோட்டை மச்சு அறைகளில் சீலிங்கை ஒட்டிய காற்று ராத்திரி எட்டு மணிக்கும் இதைத் தொடும். ஏசி இல்லாத அறை என்றால் 40 டிகிரி எழுதிய மாடலைப் பாருங்கள். சீலிங்கிலிருந்து கொஞ்சம் இறக்கி மாட்டுங்கள், சூடான காற்று வெளியேறும் பக்கம் ஓரடி இடம் விடுங்கள். உவரி, கூடங்குளம் போன்ற கரையோர ஊர்களில் உப்புக் காற்று கனெக்டர்களைப் பச்சை பிடிக்க வைக்கும். உபயோகிக்காத போர்ட்டுகளுக்கு ரப்பர் மூடி போடுங்கள். மழைக்காலத்தில் படம் பார்க்காவிட்டாலும் வாரம் ஒரு மணி நேரம் ஓட்டினால் லென்ஸில் பூஞ்சை பிடிக்காது.

படி 7: எங்கே, எப்படி வாங்குவது

2025 செப்டம்பர் 22 முதல் புரொஜக்டருக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது. அதற்கு முந்தைய விலையை வைத்துப் பேசும் கடைக்காரரிடமும், பழைய பில்லைக் காட்டி செகண்ட் ஹேண்ட் விற்பவரிடமும் இதைச் சொல்லிப் பேரம் பேசுங்கள்.

வளைகுடாவில் இருக்கும் மச்சானோ மாமாவோ கொண்டுவரட்டும் என்பது மேலப்பாளையம், கடையநல்லூர் பக்கம் வழக்கம். விலை குறைவுதான், ஆனால் அந்த வாரன்ட்டி இந்தியாவில் செல்லுமா என்பதை மாடல் எண்ணோடு கம்பெனிக்கு எழுதிக் கேட்டு, பதிலை வைத்துக்கொண்டு முடிவெடுங்கள். கஸ்டம்ஸ் வரியையும் சேர்த்தால் பல நேரம் வித்தியாசம் கரைந்துபோகும். இங்கே வாங்கினாலும் முதல் கேள்வி சர்வீஸ் பற்றியதுதான். வீட்டுக்கு வந்து எடுத்துப்போவார்களா, மதுரைக்கோ சென்னைக்கோ நாமே அனுப்ப வேண்டுமா, லேம்ப் எத்தனை நாளில் வரும் என்று கேளுங்கள். ஒரிஜினல் பெட்டியையும் தெர்மாகோலையும் பரணில் வையுங்கள், அது இல்லாமல் பார்சலில் போன புரொஜக்டர் சீராகத் திரும்பாது.

செகண்ட் ஹேண்ட் லேம்ப் மாடலில் லேம்ப் மணி நேரத்தை நம்பாதீர்கள், அது பூஜ்யமாக்கக் கூடியது. சர்வீஸ் மெனுவில் மொத்த ஓட்டம் இருந்தால் அதைக் கேளுங்கள். லேசரில் வெளிச்ச மூலத்தைத் தனியே மாற்றுவது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. ஆகவே 10,000 மணி ஓடியதைப் பாதி ஆயுள் தீர்ந்ததாகவே விலை பேசுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் சீலிங்கில் ஏற்ற அவசரப்படாதீர்கள். மேஜையில் வைத்து ஓட்டுங்கள். திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என ஐந்து முழுப் படங்களைப் போட்டு இறந்த புள்ளி, ஒரு பக்கம் மட்டும் நிறம் சாய்வது, மூலைகளில் ஃபோக்கஸ் விடுவது ஆகியவற்றைப் பாருங்கள். இரண்டு மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டு ஃபேன் சத்தத்தைக் கேளுங்கள். படி 2-ல் செய்தது போலவே ஒன்பது இடங்களில் லக்ஸ் அளந்து, தேதியோடு எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். அடுத்த முறை படம் மங்கியதாகத் தோன்றும்போது ஒப்பிட அந்தச் சீட்டு வேண்டும்.

பழையதை விற்பதானால் அது ஓடும் நிலையில் இருக்கும்போதே, லக்ஸ் அளவையும் சொல்லி விற்றுவிடுங்கள். விலை போகாத நிலையில் இருந்தால் லேம்ப்பைக் குப்பையில் போடாமல், பாதரசம் உள்ளது என்று சொல்லி மின்கழிவு எடுப்பவரிடம் தனியாகக் கொடுங்கள்.